தட்டைப் பார்த்தாலே வயிறு நிறைகிறதா?

"என்னக்கா, உங்க பொண்ணுக்கு ஏதும் சீக்கா? இப்படி எலும்பும் தோலுமா இருக்காளே!"

2023 வைகாசியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் ஓர் அம்மாள் கேட்ட கேள்வி இது. நாலு பேர் காதில் விழும்படி கேட்டாள். என் மூத்த மகள் இலையில் வைத்த லட்டைத் தொடாமலே எழுந்து போய்விட்டாள். எனக்கோ மானம் போன மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் யார் மேல் கோபத்தைக் காட்டினேன் தெரியுமா? அந்த அம்மாள் மேல் அல்ல, என் பெண் மேல்!

"ஒழுங்கா சாப்பிட்டாத்தானே உடம்பு தேறும்? என் பேரைக் கெடுக்கணும்னே இருக்கியா?"

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். நம்மில் எத்தனையோ அம்மாக்கள் இதே தப்பைச் செய்துகொண்டிருப்போம். உடம்பைக் குறைப்பது எப்படி என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பசியே இல்லாமல் மெலிந்து போகிறவர்களைப் பற்றிக் கவலைப்படத்தான் ஆள் இல்லை. "ஒல்லியா இருந்தா நல்லதுதானே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

குப்பையில் போன சோறு

என் மகள் கோயமுத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு அந்த வருஷம்தான் பாளையங்கோட்டைக்குத் திரும்பியிருந்தாள். போகும்போது தைத்துக் கொடுத்த ரவிக்கை இரண்டு விரல் உள்ளே போகும் அளவுக்குத் தொளதொளத்தது. கல்யாண வீட்டுப் பேச்சுக்குப் பிறகு நான் ஒரு சபதமே எடுத்துக்கொண்டேன். தட்டு நிறையச் சோறு, அதன் மேல் குழம்பு, இரண்டு கறி. அவள் முன்னால் உட்கார்ந்து கடைசிப் பருக்கை வரை காவல் காத்தேன். சாப்பிடுவதற்கு அரைமணி முன்னால் பெரிய டம்ளரில் சத்து பானம் வேறு. விளம்பரத்தைப் பார்த்து வாங்கிய பெரிய டப்பா.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பெண் இன்னும் வாடித்தான் இருந்தாள். ஒருநாள் கொல்லைப்புறம் தென்னைக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். மட்டைக்கு அடியில் வாழையிலைத் துண்டில் சுருட்டி வைத்த சோறு! நான் அடுக்களைக்குள் போகும் நேரம் பார்த்து, பாதிச் சோற்றை அங்கே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவளோ அழுதுவிட்டாள். "நான் என்னம்மா செய்ய? நீ தட்டைக் கொண்டு வைக்கும்போதே எனக்கு வயிறு நிறைஞ்சு போகுது. ரெண்டு வாய்க்கு மேல தொண்டையில இறங்க மாட்டேங்குது."

என் மாமியாருக்கு வயது எழுபத்தெட்டு. திண்ணையில் இருந்தபடியே குரல் கொடுத்தார்கள். "ஏளா, பிள்ளையை ஏன் வையுத? திங்க மாட்டேங்குதான்னா உடம்புக்கு என்னமோ செய்யுதுன்னு அர்த்தம். அது என்னன்னு பாரு."

அன்றைக்கு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பதில் இன்னொரு தப்பைச் செய்தேன்.

ஐந்து நாள் மாத்திரை

தெரிந்த பெண் ஒருத்தி ஒரு யோசனை சொன்னாள். மருந்துக் கடையில் கேட்டால் பசி மாத்திரை கொடுப்பார்களாம். ஒரு மாதத்தில் கன்னம் இரண்டும் உப்பிவிடுமாம். டாக்டர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. இரண்டு வித மாத்திரை, பத்து நாளைக்குக் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாளே என் மகள் பகலெல்லாம் தூங்க ஆரம்பித்தாள். எழுந்தால் தலை கிறுகிறுப்பு. ஐந்தாம் நாள் குளியலறைக் கதவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு ஆட்டோ கூப்பிட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை.

லேடி டாக்டர் மாத்திரை அட்டைகளைத் திருப்பிப் பார்த்தார். "இதில் ஒன்று அலர்ஜிக்குக் கொடுக்கும் மாத்திரை. பசியைக் கிளப்பும், கூடவே தூக்கத்தையும் கொண்டுவரும். இன்னொன்று ஸ்டீராய்டு. முகம் உப்புவது நீரும் கொழுப்பும் சேர்வதால். உடம்பு தேறியதால் இல்லை. மாசக்கணக்கில் போட்டால் சர்க்கரை ஏறும், ரத்தக் கொதிப்பு வரும், எலும்பு பலவீனப்படும். நாள்பட்ட பிறகு திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. நல்ல வேளை, அஞ்சு நாளோடு வந்தீங்க" என்றார்.

நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். சகோதரிகளே, உங்கள் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்: குண்டாவதற்கு என்று யார் எந்த மாத்திரை சொன்னாலும், பெயர் தெரியாத பொடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பச்சரிசி சொன்ன ரகசியம்

எடை 41 கிலோ. உயரம் 157 செ.மீ. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து அதையே அதால் பெருக்கி வருவதால் வகுத்தால் ஒரு எண் வரும். அது 18.5-க்குக் கீழே இருந்தால் எடை போதாது என்று அர்த்தம். என் மகளுக்கு 16.6 வந்தது. அவள் உயரத்துக்குக் குறைந்தது 45.6 கிலோவாவது இருக்க வேண்டுமாம்.

டாக்டர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா? சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வேர்வை உண்டா? வாந்தி, வயிற்றுப்போக்கு? மாதவிலக்கு எப்படி? பிறகு என்னைப் பத்து நிமிஷம் வெளியே இருக்கச் சொன்னார். மனதில் ஏதாவது துக்கமா, குண்டாகி விடுவோமோ என்ற பயத்தில் பட்டினி கிடக்கிறாளா என்று தனியாகக் கேட்டிருக்கிறார். இதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

திரும்ப உள்ளே கூப்பிட்டதும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "பச்சரிசி, சாக்பீஸ், விபூதி, இப்படி எதையாவது எடுத்துத் தின்கிறாளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விடுதியில் இருந்து வந்த நாளாக அரிசிப் பானையில் கைவிட்டு அள்ளித் தின்றுகொண்டுதான் இருந்தாள். "பச்சரிசி தின்னா உன் கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டும்" என்று நான் சிரித்துக்கொண்டே வைவேன். அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம் என்று யார் கண்டார்கள்?

ரத்தம், சர்க்கரை, தைராய்டு, மலப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் எடுத்தோம். மற்றதெல்லாம் சரி. ஹீமோகுளோபின் மட்டும் 8.6. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே சோகைதான். மாதவிலக்கில் அதிகப்படியான போக்கு, விடுதியில் காலைப் பலகாரத்தைத் தவிர்த்துவிட்டு மூன்று வேளையும் டீ, இவையெல்லாம் சேர்ந்து இப்படிக் கொண்டுவந்து விட்டிருந்தன. சோகை வந்தால் பசி மந்தமாகும்; பசி மந்தமானால் சோகை கூடும். ஒன்றை ஒன்று துரத்துகிற கதை. 2019–21-இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்குச் சோகை என்று கண்டார்கள். நூற்றுக்குச் சுமார் பத்தொன்பது பேருக்கு எடையும் போதவில்லை. நம் வீட்டில் நாலு பெண்கள் இருந்தால் இரண்டு பேரையாவது சந்தேகிக்க வேண்டும் போலிருக்கிறதே!

கவளம் கனக்க வேண்டும்

டாக்டர் சொன்னதில் என் மண்டையில் உறைத்தது இதுதான்: "பசி இல்லாதவங்க வயித்துல இடம் கம்மி. அந்த இடத்தை ரசத்தாலயும் மோராலயும் டீயாலயும் நிரப்பாதீங்க. சோத்தைக் கூட்டாதீங்க, ஒவ்வொரு கவளத்துக்கும் சத்தைக் கூட்டுங்க. பசி வரட்டும்னு காத்திருக்காம கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்க."

அப்போதுதான் என் தப்புகள் விளங்கின. சாப்பாட்டுக்கு முன்னால் பெரிய டம்ளர் சத்து பானம். அதிலேயே வயிறு ரொம்பிவிடும். பிறகு மலை மாதிரி சோறு, பார்த்ததுமே திகைப்பு. கறியும் பருப்பும் கடைசியில்; அதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

மெலிந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற, வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேல் தினம் 300 முதல் 500 கலோரி கூடுதலாகப் போனால் போதுமாம். இது பெரிய மலை இல்லை. பாருங்கள்:

ஒரு டீஸ்பூன் நெய் – சுமார் 45 கலோரி
ஒரு கோழி முட்டை – சுமார் 70
ஒரு நடுத்தர வாழைப்பழம் – சுமார் 100
ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், வேர்க்கடலை – சுமார் 170

நெய்யை இரண்டு ஸ்பூனாக வைத்துக்கொண்டால் கூட்டிக் கழித்து 430 வந்துவிடுகிறது. வயிற்றில் இவை எல்லாம் பிடிக்கும் இடம் ஒரு கிண்ணம் சோற்றுக்கு மேல் இராது.

எங்கள் வீட்டு நேரப் பட்டியல்

பெரிய தட்டை எடுத்துப் பரணில் போட்டேன். அவள் சின்ன வயதில் சாப்பிட்ட கிண்ணித் தட்டு ஒன்று கிடந்தது. அதைத் தேய்த்து எடுத்தேன்.

காலை 7 மணி: கொழுப்பு எடுக்காத பால் அரை டம்ளர், இரண்டு பேரீச்சம்பழம்.

8.30: இரண்டு இட்லி அல்லது ஒரு தோசை. மிளகாய்ப் பொடியில் நல்லெண்ணெய் தாராளமாக. ஒரு முட்டை. முட்டை சேர்க்காத வீட்டில் ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்போ, வெண்பொங்கலோ வைக்கலாம்.

11 மணி: வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, ஒரு பழம். கொய்யாக் காலத்தில் கொய்யா.

1.30: சின்னத் தட்டில் முதலில் பருப்பும் நெய்யும் விட்ட சோறு. கூடவே கீரையோ காயோ. மீன் கிடைக்கிற நாளில் சாளையோ நெத்திலியோ. ரசம், மோர் எல்லாம் கடைசியில், அதுவும் இடம் இருந்தால்.

4.30: எள்ளுருண்டை, கடலை உருண்டை, சுண்டல், இதில் ஏதாவது ஒன்று.

7.45: அடை, ஊத்தப்பம், சப்பாத்தியும் பருப்பும் என்று மாற்றி மாற்றி.

9.30: பால் ஒரு டம்ளர்.

தண்ணீரைக் குறைக்கவில்லை. சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் வயிறு முட்டக் குடிப்பதைத்தான் நிறுத்தினோம். வேளைக்கும் வேளைக்கும் நடுவில் நன்றாகக் குடிக்கச் சொன்னேன்.

இரும்புச்சத்து மாத்திரை டாக்டர் எழுதிய அளவில் தந்தேன். அதைப் பாலோடும் டீ, காப்பியோடும் சேர்த்துப் போட்டால் சத்து சரியாக உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா இவற்றோடு போட்டால் நன்றாகச் சேரும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்கு டீயே கூடாது என்று வைத்தோம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். சிலருக்கு மலச்சிக்கல் வரும். கீரையும் தண்ணீரும் கைகொடுக்கும். ரத்தம் ஊறிவிட்டது என்று பாதியில் நிறுத்தவும் கூடாது. ரத்தம் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் மாத்திரை தொடர்ந்தால்தான் உடம்பில் இருப்புச் சேருமாம்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அரைமணி நடை. கொஞ்சம் தெம்பு வந்த பிறகு உட்கார்ந்து எழும் பயிற்சி, குடத்தைத் தூக்கி வைப்பது. "மெலிஞ்ச பிள்ளையை எதுக்கு நடக்க விடுற?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். நடந்தால் பசி வருகிறது. உடம்புக்கு வேலை கொடுத்தால்தான் தின்றது சதையாகச் சேரும்.

வீட்டில் போட்ட சட்டம்

இத்தனையும் செய்தாலும் ஒன்றை மாற்றாமல் இருந்திருந்தால் பலன் இருந்திருக்காது. அது என் வாய்! சாப்பாட்டு நேரத்தில் எடையைப் பற்றி யாரும் மூச்சு விடக்கூடாது என்று என் வீட்டுக்காரர் சட்டம் போட்டார். "இன்னும் ஒரு கரண்டி" கூடாது. "உன் தங்கச்சியைப் பாரு" கூடாது. நான் காவல் உட்காருவதும் கூடாது.

என் இடத்தில் அவள் ஆச்சி வந்து உட்கார்ந்தார்கள். பல் இல்லாத ஆச்சியும் மெதுவாகத்தான் சாப்பிடுவார்கள்; பேத்தியும் மெதுவாகத்தான். இரண்டு பேரும் பழங்கதை பேசிக்கொண்டு முக்கால் மணி நேரம் சாப்பிடுவார்கள். பாத்திரம் கழுவக் காத்திருக்கும் எனக்குப் பொறுமை போய்விடும். ஆனாலும் வாயைத் திறக்க மாட்டேன்.

ஆச்சியின் உளுந்தங்களி

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் பெரியவளான பெண்களுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பது பழைய வழக்கம். கொஞ்சமாகச் சாப்பிட்டாலும் தாங்கும். வாரம் இரண்டு நாள் கொடுத்தோம்.

தொலி உளுந்து ஒரு டம்ளர், பச்சரிசி கால் டம்ளர் இரண்டையும் தனித்தனியாக வாசனை வர வறுத்து நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் மாவுக்கு ஒரு டம்ளர் நசுக்கிய கருப்பட்டி. அதை மூன்று டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் இல்லாமல் வடிகட்டி, கொதிக்க விடுங்கள். அடுப்பைத் தணித்து, மாவைத் தூவித் தூவிக் கட்டி தட்டாமல் கிளறுங்கள். நடுநடுவே நல்லெண்ணெய் விடுங்கள். மொத்தம் கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். சிட்டிகை சுக்குப் பொடி சேர்க்கலாம். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டாமல் வரும்போது இறக்குங்கள். ஓர் எலுமிச்சை அளவு உருண்டை போதும். தட்டு நிறைய வைத்து என்னைப் போல் மிரட்டாதீர்கள்.

இன்னொன்று கடலைப் பொடி. வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 100 கிராம், வறுத்த எள் 50 கிராம், வறுத்த மிளகாய் வற்றல் ஆறு, பூண்டு நாலு பல், உப்பு. கொரகொரப்பாகப் பொடித்து வைத்தால் சோறு, தோசை, கீரை எதன் மேலும் தூவலாம். தட்டு நிறைந்த மாதிரியே தெரியாது.

வடை, பஜ்ஜி, கேக், கலர் பானம் என்று கொடுத்தாலும் எடை ஏறத்தான் செய்யும். ஆனால் ரத்தமும் சதையும் ஊறாது. தொப்பை மட்டும் விழும். நெய், எண்ணெயைக்கூட அளவோடுதான் விட்டேன்.

மிஷின் காட்டிய கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் வயிற்றில், வாரம் ஒரு முறை மட்டும் எடை. முதல் மாதம் ஏறியது வெறும் 400 கிராம்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ரத்தம் முதல்ல ஊறட்டும்" என்றார் டாக்டர். இரண்டாம் மாத முடிவில் ஹீமோகுளோபின் 10.8 ஆனது, எடை ஒரு கிலோ ஏறியது. மூன்றாம் மாதம் காய்ச்சல் வந்து 600 கிராம் இறங்கியது. மனதைத் தேற்றிக்கொண்டு தொடர்ந்தோம். நாலாம் மாதம் ஹீமோகுளோபின் 12.2. எட்டு மாதம் கழித்து, 2024 மார்ச்சில் எடை 46.5 கிலோ. பச்சரிசி தின்பது இரண்டாம் மாதமே தானாக நின்றிருந்தது.

வாரத்துக்குக் கால் கிலோ, மிஞ்சினால் அரைக் கிலோ. அதற்கு மேல் அவசரம் வேண்டாம்.

இளம் தாய்மார்களுக்கு

பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் தினமும் சுமார் 600 கலோரி கூடுதலாகத் தேவை. நாமோ பத்தியம் என்று சொல்லி இருந்ததையும் குறைத்துவிடுகிறோம். பிள்ளையைக் குளிப்பாட்டி, தூங்கவைத்து, மிச்சம் மீதியை ஆறிப்போய்ச் சாப்பிடுவது போதாது. பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு கடலை உருண்டையும் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னக் குழந்தைகள் விஷயம் வேறு. குழந்தை மெலிந்ததாகத் தோன்றினால் திணிக்காமல், அங்கன்வாடியில் எடை போட்டு வளர்ச்சி அட்டையில் கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மேலே எழுதிய பட்டியலைத் தாங்களாகப் பின்பற்ற வேண்டாம்.

வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாத சமயங்களும் உண்டு. காரணம் இல்லாமல் ஆறு மாதத்துக்குள் எடை நூற்றுக்கு ஐந்து பங்கு குறைவது, அதாவது 50 கிலோ இருந்தவர் 47.5-க்கு வருவது, இரண்டு வார இருமல், சாயங்காலக் காய்ச்சல், விழுங்கச் சிரமம், ஓயாத வாந்தி, மலத்தில் ரத்தம், அடங்காத தாகம், கை நடுக்கம், படபடப்பு, மாதவிலக்கு நின்றுபோவது, எதிலும் பிடிப்பில்லாமல் ஒடுங்கிக் கிடப்பது. இதில் எது இருந்தாலும் உடனே டாக்டர்தான்.

ஆறாம் மாதம் என்று நினைவு. மத்தியானம் வேலை முடித்துக் கொஞ்சம் கண் அசந்திருந்தேன். அடுக்களையில் பாத்திரம் உருளும் சத்தம். பூனை என்று எழுந்து ஓடினால், என் மகள் உறியை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"அம்மா, பசிக்குது. என்ன இருக்கு?"

இருபது வயதுப் பெண் பசிக்கிறது என்று சொன்னதற்குக் கண்ணீர் விட்ட அம்மா நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். "இன்னும் ஒரு கரண்டி" என்று சொல்லாமல், கேட்ட அளவுக்குக் கிண்ணித் தட்டில் எடுத்து வைத்தேன். திண்ணையில் இருந்து ஆச்சி குரல் கொடுத்தார்கள்: "எனக்கும் கொஞ்சம் கொண்டாம்மா!"